ஏணி தாங்குகிற எடை

ஹில்லா ரிஸ்ஸனனை எங்கள் ஊர் அண்ணாந்து பார்த்தே பழகியது. வடகோடிப் பனிநாட்டு ஊரான எங்கள் ஈஸல்மியில் எந்தத் தெருவில் போனாலும் ஏதாவது ஒரு கூரை முகட்டில் கறுப்புச் சட்டை போட்ட ஒருத்தி நின்றுகொண்டு, இரும்புக் குண்டும் பிரஷும் கட்டிய கயிற்றைப் புகைபோக்கிக்குள் இறக்கிக்கொண்டிருப்பாள். கீழே போகிறவர்கள் கையாட்டினால் அவளும் கரி படிந்த கையை ஆட்டுவாள். உருவம் பெரிதுதான். ஆனால் பனி உறைந்த தகரக் கூரையில் அவள் நடப்பதைப் பார்த்தால் தரையில் நடக்கிறவர்களுக்கே பொறாமை வரும். இருபது வயதில் தொழில் சான்றிதழ் வாங்கியவள், ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூட வழுக்கியதில்லை.

புகைபோக்கிக்காரர் சட்டையில் இருக்கும் பித்தளைப் பொத்தானைத் தொட்டால் நல்லது நடக்கும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கல்யாணத்துக்குப் போகிற கார்கூட நின்று, மாப்பிள்ளை இறங்கி வந்து ஹில்லாவின் பொத்தானைத் தொட்டுவிட்டுப் போவான். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் தொடும். அவளுடைய முதலாளி ஆர்வோ மட்டும் தொட்டதில்லை. நாற்பது வருஷமாகக் கூரை ஏறுகிற அந்த மனிதர், "நம்ம பொத்தானை நாமளே தொட்டா எப்படிப் பலிக்கும்? அது ஊருக்கு" என்று ஒரு தடவை சொன்னார். அதோடு சரி. ஆர்வோ ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொல்கிற ஆள் இல்லை. ஒரு தடவை சொன்னாலே பெரிய காரியம்.

அப்படி ஊருக்கெல்லாம் அதிர்ஷ்டம் கொடுத்துக்கொண்டிருந்தவளை ஒரு அக்டோபர் காலையில் ஏணி கைவிட்டது. கால்வாய்த் தெருவில் ஒரு வீட்டுக் கூரை ஏணியின் படி அவள் காலடியில் மடங்கிப்போனது. அவள் விழவில்லை, முகட்டைப் பிடித்துக்கொண்டு பூனை இறங்குவதைப் போலச் சத்தமில்லாமல் இறங்கிவிட்டாள். வீட்டுக்காரர் ஆர்வோவுக்குப் போன் பண்ணிவிட்டார். ஆர்வோ வந்து அவளை வேனில் ஏற்றி, ஒரு உருளைக்கிழங்குப் பண்ணைக்குக் கூட்டிப்போய், மூட்டை நிறுக்கிற தராசின் முன்னால் நிறுத்தினார்.

"ஏறு. எல்லாத்தோடயும் ஏறு."

பூட்ஸ், பனிக்கோட்டு, தோளில் கயிறு, குண்டு, பிரஷ் எல்லாவற்றோடும் ஏறினாள். முள் நூற்றைம்பத்து மூன்றில் நின்றது. ஏணியில் அடித்திருக்கிற தகட்டில் நூற்றைம்பது என்று போட்டிருக்கும்.

"மூணு கிலோதானே, ஆர்வோ."

"மூணு கிலோதான்."

"பூட்ஸைக் கழட்டினா சரியாப் போயிடும்."

"வெறுங்காலோட பனியில ஏறப்போறியா? தகட்டுல போட்டிருக்கிறதுக்கு ஒரு கிலோ மேல இருந்தாலும் நீ ஏற மாட்ட. இனிமே கீழ் வேலையைப் பாரு. உன்னைப் புதைக்கிற வேலை எனக்கு வேண்டாம்."

இதில் ஆர்வோவைத் திட்டி என்ன பிரயோஜனம்? கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வண்டி இல்லாவிட்டாலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிற கூட்டம் நாங்கள். ஹில்லாவும் அந்தக் கூட்டம்தான். தலையை ஆட்டிவிட்டு இறங்கினாள். பண்ணைக்காரர் அந்தப் பக்கம் திரும்பி, இல்லாத ஒரு மூட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தத் தயவுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஹில்லா வீடுகளின் நிலவறைகளில் கிடந்தாள். புகைபோக்கியின் அடியில் இருக்கும் சின்ன இரும்புக் கதவைத் திறந்து, மேலே வேறொருவன் தள்ளிவிடுகிற கரியை வாளியில் வாரிக் கொட்டுகிற வேலை. அங்கே யார் வந்து பொத்தானைத் தொடப்போகிறார்கள்? வாயைக் கட்டினால் எடை குறையும் என்று ஊரெல்லாம் வைத்தியர்கள் சொன்னார்கள். அவள் கட்டாத வாயா? அதற்கு முன்பே நாலு தடவை இளைத்திருக்கிறாள். முட்டைக்கோஸ் சூப்பில் ஒரு தடவை, நடந்தே ஒரு தடவை, பட்டினி கிடந்து இரண்டு தடவை. நாலு தடவையும் போன எடை, வருகிற வழியில் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

தைப்பனி முடிவதற்குள் அவள் டாக்டரிடம் போய், இரைப்பையைச் சிறிதாக்குகிற ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். மறுபடியும் கூரை ஏற வேண்டும். ஏறினால் பிறகு இறங்கச் சொல்ல எவருக்கும் வாய் வரக்கூடாது.

ஆபரேஷனுக்கு முன்னால் முப்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கென்று பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வகுப்பு நடத்தினார்கள். ரயிலில் ஒரு மணி நேரம். ஐந்து பேர், கைப்பிடி இல்லாத அகல நாற்காலிகள், ஐலா என்ற நர்ஸ். ஹில்லா வேலை முடித்து அப்படியே போனதால் கறுப்புச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த பையன் அவள் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்து நாலு வயது, அவளைவிட முப்பது கிலோ கூடுதல். பெயர் நீலோ வர்தியாய்னன், பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவன்.

"அந்தப் பொத்தானைத் தொடலாமா?"

"நான் இப்ப கூரை ஏறுறதில்ல. தொட்டாலும் பாதிதான் பலிக்கும்."

"பரவால்ல. என் சைஸுக்கு பாதியே ஒரு ஆளுக்கு வரும்."

தொட்டான். ஹில்லாவுக்கு ஐந்து மாதத்துக்கு அப்புறம் சிரிப்பு வந்தது.

"பஸ் எப்படிடா ஓட்டுற?"

"நான் எங்க ஓட்டுறேன்? வயிறுதான் ஸ்டியரிங்கைத் திருப்புது. கை சும்மா மரியாதைக்கு வச்சிருக்கேன்."

எங்கள் சவோ பக்கத்து ஆட்களிடம் ஒரு வியாதி உண்டு. நேராகப் பதில் சொல்ல மாட்டோம். ஐலா ஒவ்வொருவரையும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஒருத்தி "ஏதோ" என்றாள். நீலோ, "இருக்கேன்னும் சொல்லலாம், இல்லேன்னும் சொல்லலாம். கேக்கிறவங்க பாத்து எடுத்துக்கணும்" என்றான். ஐலா பேனாவை மேசையில் வைத்தாள்.

"இங்க பாருங்க. ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போனதும் இப்படியே 'ஏதோ'ன்னு சொல்லிட்டு உக்காந்திருந்தா, உள்ள தையல் கசிஞ்சாக்கூட எங்களுக்குத் தெரியாது. நடுக்கம், இடது தோள் வலி, நாடி நூத்திருவதுக்கு மேல. இதுல ஒண்ணு வந்தாலும் உடனே கூப்பிடணும். ஞாயித்துக்கிழமையா இருந்தாலும் சரி, கிறிஸ்துமஸா இருந்தாலும் சரி."

ரயிலில் திரும்பும்போது ஹில்லா ஒரு சட்டம் போட்டாள். "நீயும் நானும் எப்படி இருக்கேன்னு கேட்டுக்கவே கூடாது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மூணு நம்பர் மட்டும். எத்தனை கிளாஸ் தண்ணி, எத்தனை அடி நடை, நாடி எவ்வளவு. நம்பர்ல வழவழா கொழகொழா கிடையாது."

"நம்பர்லயும் பொய் சொல்லலாமே."

"சொல்லிப் பாரு. வீட்டுக்கு வந்து எண்ணுவேன்."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. ஆபரேஷனுக்கு முன்னால் நாலு வாரம் வெறும் மாவுக் கரைசல்தான் சாப்பாடு. ஈரலில் இருக்கிற கொழுப்பு வற்றினால்தான் டாக்டருக்கு இரைப்பை கண்ணுக்குத் தெரியும். வற்றாவிட்டால் திறந்து பார்த்துவிட்டு மூடி அனுப்பிவிடுவார்கள். இவர்கள் நேரம், அந்த நாலு வாரத்துக்கு நடுவில் மே முதல் தேதி வந்து தொலைத்தது. ஊரே வெள்ளைத் தொப்பி மாட்டிக்கொண்டு, சந்தைத் திடலில் சர்க்கரை தூவிய டோனட் தின்கிற நாள். எண்ணெய் வாசனை ஏரிக்கரை வரைக்கும் அடிக்கும்.

இரண்டு பேரும் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து, பிளாஸ்கில் கொண்டுவந்த வெனிலா மாவுக் கரைசலைச் சின்னச் சாராயக் கிளாஸில் ஊற்றி ஊற்றிக் குடித்தார்கள். முப்பது மில்லி பிடிக்கிற அந்தக் கிளாஸ் நீலோவின் யோசனை. ஆபரேஷனுக்குப் பிறகு அவ்வளவுதான் ஒரு தடவைக்கு இறங்கும், இப்போதே பழகிக்கொள்ளலாம் என்றான். ஒவ்வொரு கிளாஸுக்கும் "கிப்பிஸ்" என்று முட்டிக்கொண்டார்கள். அந்தப் பக்கம் போனவர்கள், மத்தியானமே இவ்வளவு குடியா என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் நீலோ எழுந்து போய் ஒரு டோனட்டோடு வந்தான்.

"திங்கலை. மோந்து பாக்கப்போறேன். மோந்து பாத்தா ஈரலுக்கு என்ன தெரியும்?"

"மூக்குக்கு அப்புறம் வாய்தாண்டா இருக்கு."

அவன் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தான். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். கை மெல்ல வாயருகே போவதை ஹில்லா பார்த்துக்கொண்டேயிருந்தாள். தட்டிவிடலாமா என்று அவள் யோசிப்பதற்குள் ஒரு கடற்காகம் சர்ரென்று இறங்கி டோனட்டை முழுசாகக் கொத்திக்கொண்டு போய்விட்டது. நீலோ விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையைப் பார்த்தான். பிறகு அதையும் கோட்டில் துடைத்தான்.

"ஐலா அனுப்பியிருப்பா" என்றான். ஹில்லா சிரித்த சிரிப்பில் கரைசல் மூக்கில் ஏறிவிட்டது.

நீலோவுக்கு ஆபரேஷன் மே மாதத்து ஒரு திங்கட்கிழமை. ஹில்லாவுக்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை. அவன் கிளம்புகிற அன்று அவள் சட்டையிலிருந்து மேல் பொத்தானை அறுத்துக் கொடுத்தாள். அவன் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனான். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. புதன்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டான். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நம்பர் வந்தது: இருபத்தாறு கிளாஸ், எண்ணூறு அடி, நாடி எண்பத்தெட்டு. வியாழன் தொண்ணூற்றிரண்டு. வெள்ளி நூற்றாறு. ஹில்லாவுக்கு நூற்றாறு பிடிக்கவில்லை. சனிக்கிழமை மூன்று மணிக்கே போன் பண்ணினாள்.

"நாடி எவ்வளவு?"

"மணி ஆறு ஆகலையே."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"குளிரா இருக்கு. பல்லு கடகடன்னு அடிச்சுக்குது. சவுனாவுக்குத் தீ போட்டிருக்கேன். சூடு ஏறினதும் போய் உக்காந்தா சரியாயிடும். சனிக்கிழமை வேற."

இதைத்தான் எங்கள் ஆட்களின் புத்தி என்பது. காய்ச்சலா, சவுனா. இடுப்புப் பிடிப்பா, சவுனா. மனசு சரியில்லையா, அதற்கும் சவுனா. சனிக்கிழமை சாயங்காலமானால் ஊரே சவுனாவில்தான். மூன்று வாரத்துக்கு நீராவி அறைப் பக்கமே போகக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் எழுதியே கொடுத்திருந்தார்கள். சவுனாவும் சாராயமும் மரத் தாரும் கேட்காத நோய் ஆளைக் கொண்டுபோகத்தான் வந்தது என்று பழமொழி சொல்லி வளர்த்த ஊரில் அந்தக் காகிதத்தை யார் மதிக்கிறார்கள்? கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொள்கிற காரியம்.

"தோள் வலிக்குதா?"

"ராத்திரி ஒரு பக்கமாப் படுத்தது. சுளுக்கு."

"எந்தப் பக்கம்?"

"இடது."

ஹில்லா சுவர்க் கடிகாரத்தின் முன்னால் போய் நின்றாள். "விரலை மணிக்கட்டுல வை. சத்தமா எண்ணு. நான் கடிகாரம் பாக்கிறேன்."

அவன் எண்ணினான். அரை நிமிஷத்தில் அறுபத்தேழு வந்தது.

"நீலோ, 112க்குப் போன் பண்ணு."

"இதுக்குப் போயா? சனிக்கிழமைடி. பாவம், அவங்களும் சவுனாவுக்குக் கிளம்பியிருப்பாங்க. திங்கட்கிழமை பாத்துக்கலாம்."

அவள் போனை வைத்துவிட்டுத் தானே 112க்குக் கூப்பிட்டு ஆம்புலன்ஸ் அனுப்பச் சொன்னாள். பிறகு வேனை எடுத்தாள். ஒன்பது கிலோமீட்டர். ஏரியோரம் அவன் வீட்டுச் சவுனாப் புகைபோக்கியிலிருந்து புகை வருவது ரோட்டிலிருந்தே தெரிந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அவள் ஒரு புகைபோக்கியை வாய்விட்டுத் திட்டினாள்.

நீலோ சவுனா வாசல்படியில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடு சாம்பல் நிறமாகியிருந்தது. எழுந்து உள்ளே போகப் பார்த்தான், முடியவில்லை. ஹில்லா அவனைத் தாண்டி உள்ளே போய் அடுப்பின் காற்றுக் கதவை இறுக மூடினாள். பதறினாலும் தீயில் தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றினால் அடுப்பு விரிசல் விடும், தொழில் தெரிந்தவள் அதைச் செய்ய மாட்டாள். திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மடையா. செத்துப்போனா நான் யாருக்குடா ஆறு மணிக்கு நம்பர் அனுப்புறது?"

"பயமா இருக்கு, ஹில்லா" என்றான் அவன். சவோக்காரன் வாயிலிருந்து வந்த முதல் நேர் பதில் அதுதான். "எனக்கும்" என்றாள் அவள்.

ஆம்புலன்ஸ் வந்ததும் அவன் செய்த முதல் வேலை, சனிக்கிழமையைக் கெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டது. அன்று சாயங்காலமே மறுபடியும் வயிற்றைத் திறந்து கழுவி, தையல் கசிந்த இடத்தை அடைத்தார்கள். யார் மேலும் தப்பில்லை, நூற்றில் ஒருவருக்கு இப்படி ஆகும் என்றார் டாக்டர். பிறகு ஹில்லாவைப் பார்த்து, அந்தச் சூட்டில் போய் உட்கார்ந்திருந்தால் அங்கேயே மயங்கியிருப்பான், எழுந்திருக்க மாட்டான் என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஹில்லாவின் அண்ணன் சாமுலி வந்தான். விஷயம் அவன் காதுக்கு எப்படியோ போயிருந்தது. தங்கை மேல் உயிரையே வைத்திருப்பவன், அதைச் சொல்லத் தெரியாதவன். நேரே குளியலறைத் தராசை எடுத்துவந்து நடுக்கூடத்தில் போட்டான்.

"ஏறு."

நூற்று முப்பத்தொன்று. இதுவரை குடித்த கரைசலில் எட்டு கிலோ போயிருந்தது.

"சாமானோட பதினாலு சேத்தா நூத்திநாப்பத்தஞ்சு. ஏணி தாங்கும். அப்புறம் எதுக்குக் கத்தி? ஆர்வோகிட்டயும் பேசிட்டேன். நாளைக்கே ஏறலாம்னு சொல்லிட்டார். அந்தப் பையன் கிடக்கிற கிடப்பைப் பாத்தும் நீ போய்ப் படுக்கப்போறியா?"

அவன் சொன்னதில் தப்பு இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது கூரை. அந்தக் கூரையை இதோ, கத்தி படாமலே கொடுக்கிறார்கள்.

திங்கட்கிழமை காலையில் ஆர்வோவின் முற்றத்துக்குப் போனாள். ஏணி சுவரில் சார்த்தியிருந்தது. ஆர்வோ ஒதுங்கி நின்றார். ஹில்லா கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு காலை முதல் படியில் வைத்தாள். ஏழு மாதம் கனவில் வைத்த கால். படி ஆடவில்லை. மேலே வானம் தெளிவாக இருந்தது. ஏறியிருக்கலாம்.

முந்தின வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸ் அவளுக்கு ஞாபகம் வந்தது. அப்போது அவள் நூற்றுப் பதினெட்டு. எல்லாரும் கைகுலுக்கினார்கள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு இன்னும் பெரிய கோட்டு வாங்கினாள். இப்போது இதை நம்பி ஏறினால், இளைத்துவிட்டுத் திரும்பப் பெருப்பது இது ஐந்தாவது தடவை. அடுத்த அக்டோபரில் இன்னொரு படி மடங்கும். அப்போது பிடித்துக்கொள்ள முகடு பக்கத்தில் இருக்குமா என்று யாருக்குத் தெரியும்?

காலை எடுத்துக் கீழே வைத்தாள். "ஆகஸ்ட்ல வரேன், ஆர்வோ. ஏணியை அப்ப தந்தாப் போதும்."

ஆர்வோ ஏணியை எடுத்துக் கொட்டகைக்குள் வைத்துப் பூட்டினார்.

முற்றத்தில் இருந்த தைரியம் ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏறும்போது இல்லை. செவ்வாய்க்கிழமை நீலோவைத் தீவிர சிகிச்சையிலிருந்து வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். மூக்கில் குழாய், வயிற்றில் குழாய், கையில் குழாய். ஹில்லா கட்டில் ஓரம் உட்கார்ந்து அழுதாள். ஏழு மாதம் நிலவறையில் கிடந்தபோது அழாதவள்.

"எனக்குப் பயமா இருக்குடா. எல்லாரும் வேண்டாங்கிறாங்க."

நீலோ மெல்லத்தான் பேசினான். தொண்டை புண்ணாக இருந்தது.

"எனக்கு வந்தது உனக்கும் வரலாம். இல்லேன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா வந்தா, நாடியை எண்ணச் சொல்ல நான் இங்கயே இருக்கேன். ரெண்டு மாடிதான் தூரம். எனக்கு ஒன்பது கிலோமீட்டர் இருந்துது."

தலையணைக்கடியில் துழாவி அந்தப் பித்தளைப் பொத்தானை எடுத்தான்.

"இதுல சரக்கு தீந்துபோச்சுன்னு முதல்ல நினைச்சேன். அப்புறம் யோசிச்சேன், நீ வந்தியே. அதுதான் பலிச்சிருக்கு. கொண்டுபோய்த் தச்சுக்க."

வியாழக்கிழமை ஹில்லா போய்ப் படுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கண் விழித்தபோது வாய் காய்ந்து, வயிறு கல்லாகக் கிடந்தது. வராந்தாவில் ஏதோ சக்கரம் கிறீச்சிடுகிற சத்தம். நீலோ வந்துகொண்டிருந்தான். ஒரு கையில் மருந்துப் பை தொங்குகிற கம்பி. மறு கையில் இரண்டு சாராயக் கிளாஸ். லிஃப்டிலிருந்து அவள் கட்டில் வரைக்கும் நாற்பது அடி இருக்கும். அதற்கு நாலு தடவை நின்று வந்தான். ஐலா பின்னாலேயே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள், உட்காரச் சொல்லி அலுத்துப்போன முகத்தோடு.

"எப்படி இருக்..." என்று ஆரம்பித்து நீலோவே நிறுத்திக்கொண்டான். "நாடி?"

"ஏதோ இருக்கு."

"எண்ணு."

எண்ணினாள். எண்பத்து நாலு. ஐலா ஒரு கிளாஸில் தண்ணீர் ஊற்றி ஹில்லாவிடம் கொடுத்தாள். நீலோவுக்கு இன்னும் இரண்டு வாரத்துக்கு வாய் வழியாக ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. அவன் தன் காலிக் கிளாஸை நீட்டினான்.

"கிப்பிஸ்."

ஹில்லா அந்த முப்பது மில்லியைப் பத்து நிமிஷம் குடித்தாள். அவள் ஒவ்வொரு மிடறு விழுங்கும்போதும் அவனும் காலிக் கிளாஸை உதட்டில் வைத்து விழுங்கினான். ஐலா முப்பது வருஷ நர்ஸ். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு திரைச்சீலையைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த கோடை ஒன்றும் தேனும் பாலுமாக ஓடவில்லை. அவசரமாக விழுங்கிய ஒரு துண்டு மீனுக்காக ஹில்லா அரை மணி நேரம் வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். அத்தை வீட்டில் ஏலக்காய் பன்னைப் பார்த்து அழுதிருக்கிறாள், பசியால் அல்ல. இத்தனை வருஷம் துணையாக இருந்த ஒன்று விலகிப்போன துக்கத்தால். தோல் தொங்கியது. நீச்சல்குளத்துச் சவுனாவில் பெண்கள் பக்கம் மேல் பெஞ்சில் முதல் தடவையாகப் போய் உட்கார்ந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஒருத்தி கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள், அவ்வளவுதான். நீலோ ஜூன் கடைசியில்தான் வீட்டுக்கு வந்தான். சாயங்காலம் ஆறு மணி நம்பர் ஒரு நாளும் தவறவில்லை. வகுப்பில் இருந்த மற்ற மூன்று பேரும் தங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி, ஐந்து பேரின் நம்பரும் வர ஆரம்பித்தன. எவரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்பதில்லை.

ஆகஸ்டில் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை. ஆர்வோ வேனின் மேல் ஏணியைக் கட்டினார். எந்த வீடு என்று ஹில்லா கேட்கவில்லை, வண்டி ஏரியோரம் திரும்பியதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. நீலோ வீட்டுச் சவுனாப் புகைபோக்கி சுத்தம் பண்ணி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

நீலோ முற்றத்தில் காத்திருந்தான். கோட்டு அவன் மேல் கொடியில் காய்கிற மாதிரித் தொங்கியது. முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. முற்றத்து நடுவில் உருளைக்கிழங்குத் தராசு ஒன்று இருந்தது. பண்ணைக்காரரிடம் அவனே கேட்டு வாங்கி வந்திருந்தான்.

"எல்லாத்தோடயும் ஏறு" என்றான்.

ஹில்லா பூட்ஸும் கயிறும் குண்டும் பிரஷுமாக ஏறினாள். நூற்று இருபத்து மூன்று. நீலோ ஆர்வோவைப் பார்த்தான். ஆர்வோ தராசைப் பார்க்கவேயில்லை. ஏணியைச் சுவரில் சார்த்தி, அடியை மண்ணில் அழுத்தி, நகர்ந்து நின்றார். நீலோ போய் ஏணியின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டான்.

ஏறினாள். முதல் படி, இரண்டாவது, மூன்றாவது. முகட்டில் கால் வைத்து நிமிர்ந்தபோது ஏரி முழுசாகத் தெரிந்தது, அக்கரையில் ஊரின் கூரைகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் எந்த வீட்டுக் கூரை என்று அவளுக்குத் தெரியும். குண்டை இறக்கினாள். ஒரு வருஷக் கரி சலசலவென்று கீழே விழுகிற சத்தம் அவள் காதுக்கு இனித்தது. ஒரு மணி நேர வேலையை ஒன்றரை மணி நேரம் செய்தாள். யாரும் சீக்கிரம் என்று சொல்லவில்லை.

இறங்கி வந்து நின்றாள். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் கரி. ஆர்வோ பக்கத்தில் வந்தார். சட்டையைப் பார்த்தார். மேல் பொத்தான் கறுப்பு நூலுக்குப் பதில் ஆஸ்பத்திரி வெள்ளை நூலில் தைத்திருந்தது. வலது கையுறையைக் கழற்றி, ஆள்காட்டி விரலை நீட்டி, அந்தப் பொத்தானைத் தொட்டார். நாற்பது வருஷத்தில் முதல் தடவை.

"மோசமில்ல" என்றார்.

எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. சில பேர் சாகும் வரைக்கும் அதைக் கேட்டதில்லை. ஆர்வோ திரும்பி நடந்துபோய், ஏணியை வேனில் கட்ட ஆரம்பித்தார், தேவைக்கு மேலே நாலு முடிச்சுப் போட்டு.

நீலோ ஹில்லாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஆறு ஆகலைதான். இருந்தாலும் எண்ணு."

கரி விரலை மணிக்கட்டில் வைத்து எண்ணினாள்.

"நூத்திப்பத்து."

"அவ்வளவா? என்ன பண்ணுது? ஏறினதாலயா?"

"இல்லடா" என்றாள் ஹில்லா. சுற்றி வளைக்காமல், நேராக. "பெருமையா இருக்கு."

நீலோ பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, தேதி போட்டு, நூற்றுப்பத்து என்று எழுதினான். பக்கத்தில் காரணத்தையும் எழுதிக்கொண்டான்.